கட்டிய கயிற்றில் ஓடிய படகு

ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று நண்பகல் தொடங்கி மறுநாள் காலை வரை, ஒரு குற்றமும் செய்யாத படகு ஒன்றையும் அதன் உரிமையாளரையும், தொட்டியில் இருந்த டீசலின் நிறம் சரியில்லை என்று காரணம் காட்டி, ஆற்றின் நடுவே நிறுத்திவைத்தார்கள். இதுதான் முறையீடு. இதில் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடியே கீழே எழுதப்பட்டுள்ளது.

அந்தப் படகுக்காரரைக் கரையில் எல்லாரும் சுக்கான் என்றே அழைப்பார்கள். தெருவில் நடந்துபோகும்போதுகூட, முனை திரும்புவதற்கு முன் ஒரு தோளை இலேசாகச் சாய்த்துக்கொள்வார். படகு திருப்பிப் பழகிய உடம்பு. ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் காலை ஏழு மணிக்கு நகரத் துறையிலிருந்து கீழாற்றுத் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது அவர் தொழில். தீவு மருத்துவமனையின் செவிலியர்களும், தையல் ஆலைப் பெண்களும், பள்ளிக்கூட ஆசிரியர் இருவரும் அவருடைய முதல் நடைக்கு வழக்கமாக வருகிறவர்கள்.

துறையில் ஒரு தகரப் பலகை உண்டு. நகராட்சி விதித்த கட்டணத்தை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து வெயிலில் வெளுத்ததே ஒழிய மாறவில்லை. டீசல் விலையோ ஒரு மாதமாவது நின்ற இடத்தில் நின்றதில்லை. கட்டணத்தைக் கூட்ட அவருக்கு உரிமையில்லை. நடையைக் குறைக்கவும் உரிமையில்லை. வழித்தட உரிமத்தில் ஒரு நிபந்தனை தெளிவாகவே இருந்தது: இயந்திரக் கோளாறு நேர்ந்தால் அன்றி, முதல் நடைக்கு ஒரு நாள் படகு வராவிட்டாலும், வழித்தடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

வரிசையில் அடுத்து நின்றவர் கொக்கு. நீண்ட கழுத்து, அதைவிட நீண்ட பொறுமை. நாள்தோறும் காலையில் தம் படகைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, சுக்கான் வருகிறாரா என்று பார்ப்பார். வந்ததும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அந்த வணக்கத்தைக் கண்டாலே சுக்கான் கட்டிய கயிற்றை அவிழ்த்து இன்னொரு முறை இறுக்கிக் கட்டுவார்.

ஆற்றின் அக்கரை வேறு நாடு; அங்கே டீசல் மலிவு. எல்லை தாண்டிப்போய் டீசல் நிரப்பலாம் என்னும் யோசனை சுக்கானுடையது அன்று. அது வக்கீலின் யோசனை. வக்கீல் என்பவர் சுக்கானின் மனைவிக்கு அண்ணன். நகல் எடுக்கும் கடையில் வேலை. பிறர் கொண்டுவரும் ஆணைகளையும் அறிவிப்புகளையும் நகலெடுக்கும் சாக்கில் ஓரக்கண்ணால் படித்துப் படித்து, சட்டம் பேசக் கற்றுக்கொண்டவர்.

"மாப்ளே, கேன்ல கொண்டுவந்தாத்தான் அது கடத்தல். சொந்தத் தொட்டியில கொண்டுவந்தா அது பயணம். என் கையாலயே நகல் எடுத்திருக்கேன்."

"எதுக்குப் பயணம்னு கேப்பாங்களே மச்சான்?"

"டீசல் போடன்னு சொல்லு. உண்மையச் சொன்னா யாருக்கும் சந்தேகமே வராது."

சமையலறையிலிருந்து சுக்கானின் மனைவி குரல் கொடுத்தாள்: "அண்ணே, நீ சொல்லி இவர் கேட்டு, ஒருதடவையாவது நல்லது நடந்திருக்கா?"

"ஏன், உன் கல்யாணம் நடந்துச்சே!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தீர்மானித்த காரியங்கள் எப்போதும் இப்படித்தான் ஆகின்றன.

ஞாயிறு காலை அக்கரைக்குப் போனார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான், வசவும் ஒன்றுதான். டீசலின் நிறம் மட்டும் வேறு. இந்நாட்டில் பயணிகள் படகுக்கு விற்கும் டீசலில் பச்சைச் சாயம் கலந்திருப்பார்கள். அக்கரையில் சிவப்புச் சாயம். வரி குறைத்து விற்பதைக் கார்க்காரர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

அக்கரையில் விற்பனை நிலையம் தண்ணீரை ஒட்டியே இருந்தது. குழாயைப் படகுக்கே நீட்டினார்கள். நிரப்புகிறவர் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அடியில ஒரு சாண் பழைய சரக்கு கெடக்கு அண்ணே. வடிச்சிட்டு ஊத்தவா?"

சுக்கான் பதறிப்போனார். "வடிக்கிறதா? வேற வினையே வேணாம். குழாயில காத்து ஏறிடும்யா. அப்புறம் அரை நாள் உக்காந்து காத்து எடுக்கணும். அது கெடக்கட்டும், மேல ஊத்து."

படகுத் தொழிலில் இருக்கிற எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். தொட்டியை வற்றவிடுவது அவர்களுக்கு அடுப்பை அணையவிடுவது போன்றது. நல்ல பழக்கம் ஒன்றுதான் அவரைக் குழியில் தள்ளியது. தீய பழக்கமாக இருந்திருந்தால் எழுதுவதற்கே ஒன்றுமில்லை. விலை மலிவாக இருக்கிறதே என்று விளிம்புவரை நிரப்பச் சொன்னார். வரும் வாரம் முழுவதற்கும் போதும். வெளியேறும் முத்திரையைப் பெற்றுக்கொண்டு, வக்கீல் ஒரு பாட்டை முணுமுணுக்க, இருவரும் திரும்பினார்கள்.

ஆற்றின் நடுவே நங்கூரமிட்டு நிறுத்திய இரும்பு மிதவை ஒன்று உண்டு. நடுத்துறை என்பார்கள். அதன்மேல் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அறைக்குள் இரண்டு மேசைகள். இடையே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இப்பக்கம் இந்த நாடு, அப்பக்கம் அந்த நாடு. மின்விசிறி மட்டும் ஒன்றுதான். அது தலையைத் திருப்பித் திருப்பி இரண்டு அரசுகளுக்கும் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த அறையில் நடுநிலை தவறாதது அது ஒன்றே.

இப்பக்க மேசையில் இருந்த அதிகாரி கடுகடுப்பானவர் அல்லர். சட்டைக் கையை நேராக மடித்துவிட்டுக்கொண்டு, கண்ணாடிக் குழல் ஒன்றைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"என்ன கொண்டுபோறீங்க?"

"டீசல் சார். சொந்தத் தொட்டியிலதான்," என்று வக்கீல் முந்திக்கொண்டார்.

"நீங்க யாரு?"

"மச்சான்."

"படகுக்கா?"

"படகுக்காரருக்கு சார்."

அதிகாரி குழலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். பச்சையும் அன்று, சிவப்பும் அன்று. நெடுநேரம் ஊறிப்போன தேயிலைத் தண்ணீரின் நிறம். அறைக்குள் போய், சுவரில் தொங்கிய நிற அட்டையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். ஒரு முறை பார்த்தார். கண்ணாடி அணிந்துகொண்டு மறுமுறையும் பார்த்தார்.

"சிவப்புன்னா வெளிநாட்டுச் சரக்கு. வரி கட்டிட்டுப் போகலாம். பச்சைன்னா நம்ம சரக்கு. சும்மாவே போகலாம். இந்தக் கலருக்கு அட்டையில கட்டமே இல்லையே."

"கட்டம் இல்லன்னா விட்ருங்க சார்," என்றார் சுக்கான்.

"கட்டம் இருந்தாத்தாங்க விடவே முடியும். இது கலப்படம்னு ஆகுது."

"கலப்படம்னா தண்ணி, மண்ணெண்ணெய் கலக்குறது சார். இது டீசல்ல டீசல்."

"எனக்குப் புரியுது. அட்டைக்குப் புரியலையே."

மாதிரி எடுத்துத் தலைநகருக்கு அனுப்பலாம் என்றார். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதுவரை படகு இங்கேயே நிற்க வேண்டும். சுக்கானின் கண்முன் கொக்கின் வணக்கம் வந்து நின்றது. நாளைக் காலை ஏழு மணி. நடுத்துறையோ மாலை இருட்டியதும் மூடி, காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். இருட்டுவதற்குள் போகாவிட்டால் வழித்தடம் போயிற்று. இதைச் சுக்கான் அதிகாரியிடம் மறைக்காமல் சொன்னார். அதிகாரி உண்மையிலேயே வருந்தினார். வருத்தத்துக்கும் அட்டையில் கட்டம் இல்லை.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால் இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. வந்த வழியே திரும்பி, அக்கரையிலேயே டீசலை வடித்துவிட்டு வருகிறோம் என்று அவரிடம் கேட்டார்கள்.

"வெளியேற முத்திரை போட்டாச்சுண்ணே. திரும்ப வரணும்னா நாளைக்குப் புது அனுமதி வாங்கணும். அதோட, உங்க பச்சைய எங்க நாட்டுக்குள்ள விட முடியாது."

"ஒரு சாண்தான் மேடம் பச்சை. மிச்சமெல்லாம் நீங்க வித்ததுதான்."

"நாங்க வித்ததத் தனியாப் பிரிச்சுக் குடுங்க, இப்பவே வாங்கிக்கிறேன்," என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

கேனில் வடிக்கலாமா என்றால், கேனில் கொண்டுபோவது கடத்தல். மிதவையில் பீப்பாய் வைத்து ஊற்றலாமா என்றால், தீத்தடுப்பு விதி குறுக்கே நின்றது. ஆற்றில் கொட்டினால் சிறை. மிதவையின் மறுபுறத்தில் இந்நாட்டு ரோந்துப் படகு ஒன்று, கயிற்றில் பாசி பிடிக்கும் அளவுக்கு அசையாமல் கட்டிக் கிடந்தது. வக்கீல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது ஏன் சார் சும்மா நிக்குது?"

"டீசல் ஒதுக்கீடு வரல."

வக்கீலின் முகம் மலர்ந்தது. "சார், எங்ககிட்ட..."

"வாய மூடுங்க. அதுக்குப் பேரு லஞ்சம்."

வெகுநேரம் கழித்து, தாமே யோசித்து, அதிகாரி அட்டையின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'எரிபொருள் இல்லை' என்று அங்கே எழுதியிருந்தது. வெள்ளைக் கட்டம்.

"தொட்டி காலியா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. காலித் தொட்டிக்குக் கட்டம் இருக்கு. ஆனா படகு மிதவைய விட்டு நகரக் கூடாது."

சுக்கானுக்கு அது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் படகின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மலிவாகக் கிடைக்கிறது என்று எல்லை தாண்டிப்போய் வாங்கிய டீசலை, ஓர் அடிகூட நகராமல், இங்கேயே எரித்துத் தீர்க்க வேண்டும்.

"வேற வழி இல்ல மாப்ளே," என்றார் வக்கீல். அவர் குரலில் இருந்த சட்டமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

வெறுமனே ஓடவிட்டால் இயந்திரம் கொஞ்சமாகத்தான் குடிக்கும். சுமை இருந்தால்தான் ஆவலோடு குடிக்கும். ஆகவே சுக்கான் படகின் பின்பக்கத்தைப் பெரிய கயிற்றால் மிதவைத் தூணில் பிணைத்தார்; முன்பக்கம் தானாகவே நகரத் துறையை நோக்கித் திரும்பிக்கொண்டது. முழு வேகம் கொடுத்தார். கயிறு விறைத்தது. மிதவை முனகியது. பின்னே தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. படகு தன் வீட்டைப் பார்த்தபடி, முழு வலிமையோடு, நின்ற இடத்திலேயே ஓடியது.

கண்ணுக்கு எதிரே நகரத் துறை. தகரப் பலகைகூட ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. சுக்கான் பழக்க தோஷத்தால் சுக்கான் பிடியை விடவே இல்லை. எங்கும் போகாத படகுக்கு எதற்குத் திசை என்று வக்கீல் கேட்கவுமில்லை. குச்சியை விட்டு விட்டு அளந்து பார்த்தார்கள். விளிம்புவரை நிரப்பிய தொட்டி அல்லவா! டீசல் இறங்குவது கண்ணுக்கே தெரியவில்லை. காலையில் 'இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து' என்று சொன்ன தம் வாயைச் சுக்கான் பலமுறை நொந்துகொண்டார்.

மாலையில் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? என்ன இப்படி இரைச்சல்?"

"நடுத்துறையில. படகு ஓடுது."

"ஓடுதுன்னா வந்துட்டே இருக்கீங்களா?"

"இல்ல, ஓடுது. அவ்வளவுதான்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவள் வழக்கமன்று. அதனாலேயே அவருக்கு மேலும் அச்சமாக இருந்தது.

"வேற யாரு படகையாவது காலைல துறையில நிறுத்தட்டுமா? நானே வந்து நிக்கிறேன்."

"உரிமம் இந்தப் படகு எண்ணுக்குத்தான். வேற படகு நின்னா கொக்கே சிரிப்பான்."

"எங்கண்ணனக் கூப்பிடுங்க."

வக்கீல் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்படியும் அத்தனை சொல்லும் சுக்கானுக்குக் கேட்டது. அவற்றுள் அச்சிடத் தகுந்தது ஒன்றுதான்: "நகல் எடுக்கிறவன் நகலோட நின்னிருக்கணும்."

வெயில் தாழ்ந்தபோது வக்கீலுக்கு ஒரு யோசனை உதித்தது. சுக்கானின் காதோரம் குனிந்து, இரைச்சலுக்கிடையே கத்தினார்.

"மாப்ளே! இயந்திரக் கோளாறுன்னா வழித்தடம் போகாதுல்ல? எரிபொருள் குழாய ஒரு இழு இழு. படகு பழுதுன்னு சார்கிட்ட ஒரு சீட்டு வாங்கிருவோம்!"

சுக்கானின் கை குழாயின்மேல் போய் நின்றது. ஒரே இழுப்பு. இயந்திரம் அடங்கும், நாளைக் காலை கொக்கின் வாயை அடைத்துவிடலாம். தொழில் பிழைக்கும். பிறகு?

"குழாய இழுத்தா டீசல் எப்படித் தீரும் மச்சான்?"

வக்கீல் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"தீரலன்னா படகு இங்கயேதானே கெடக்கும். நாளைக்கு வழித்தடம் இருக்கும், ஓட்டப் படகு இருக்காது. ரெண்டு நாள்ல பழுதப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. எங்கேருந்து வர்றது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஒரு கதவைத் திறக்க இன்னொரு கதவின் சாவி வேண்டும். அந்தச் சாவியோ முதல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. இதைத் திட்டமிட்டு எவரும் செய்யவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக அமைந்திராது.

இருட்டியதும் அதிகாரிகள் இருவரும் தத்தம் மேசைகளைப் பூட்டினார்கள். படகின் உரிமம் இப்பக்க மேசைக்குள் இருந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். இப்பக்கத்தவர் போகும்போது, தாம் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தில் மீதியிருந்ததைச் சுக்கானின் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. துறையில் ஆட்கள் சேர்வதைச் சுக்கான் பார்த்தார். அவ்வளவு தொலைவில் முகம் தெரியாது; ஆயினும் யார் யார் என்று அவருக்குத் தெரிந்தது. வெள்ளைச் சீருடையினர் செவிலியர்கள். ஒரே நிறப் பைகளோடு கும்பலாக நிற்பவர்கள் தையல் ஆலைப் பெண்கள். சற்று ஒதுங்கி, குடையை ஊன்றிக்கொண்டு நிற்பவர்கள் ஆசிரியர்கள். அவர் படகின் ஊதுகுழல் பொத்தானை அழுத்தினார்; அழுத்திய கையை எடுக்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை உருவி வீசினார். வக்கீல் சட்டையைக் கழற்றி வீசினார்.

துறையில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஐயமே இல்லை. வெள்ளைச் சீருடை ஒன்று கையை உயர்த்தியது. குடை ஒன்று நெற்றிக்கு மேலே மறைப்பாக எழுந்தது. கொக்கின் படகு துறையை நெருங்கியது. துறை எழுத்தர் விசில் ஊதியதும், பயணிகள் ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கொக்குகூட ஒரு முறை நடுத்துறையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று வணக்கம் இல்லை.

அந்தப் படகு வளைவில் மறைந்து சற்று நேரம் ஆனபின், சுக்கானின் இயந்திரம் இருமத் தொடங்கியது. இரண்டு முறை இருமியது, ஒரு முறை விக்கியது, நின்றது. எந்தக் காற்று, குழாயில் ஏறிவிடக் கூடாது என்று அடியில் ஒரு சாண் டீசலை விட்டுவைத்தாரோ, அந்தக் காற்று ஏறிவிட்டது. விறைத்திருந்த கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது.

எட்டு மணிக்கு அதிகாரி வந்து குழலை விட்டுப் பார்த்தார். வெள்ளைக் கட்டத்தில் குறியிட்டார்.

"இப்ப நீங்க போகலாம்."

"எதுல சார் போறது?" என்றார் சுக்கான்.

இருக்கைப் பலகைகள் இரண்டைப் பெயர்த்தெடுத்து, மைத்துனர்கள் இருவரும் துடுப்புப் போட்டுக் கரைசேர்ந்தார்கள். துறைப் படிக்கட்டில் மனைவி நின்றிருந்தாள். கணவரின் கொப்புளித்த உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். பின்னால் துறை எழுத்தர் நிமிராமலே கேட்டார்: "கோளாறு உண்டா?"

சுக்கான் இல்லை என்றார். பொய் சொல்லத் தெரியாமல் அல்ல. பொய் சொல்லவும் அவரிடம் அப்போது தெம்பில்லை.

'உரிமையாளரின் அலட்சியத்தால் படகு வரவில்லை' என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். வழித்தடம் தற்காலிகமாகக் கொக்குக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. செப்டம்பர் நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, முற்பகல், நகராட்சி மன்றத்தில் விசாரணை நடக்கும். அதன்பின் அது தற்காலிகமாக இராது.

நடுத்துறை அதிகாரிகள் இருவரும் சாட்சி சொல்ல வர மாட்டார்கள். அவர்களுக்கு அனுமதி கிடைக்காது. மைத்துனர் சொல்வது செல்லாது. மனைவி சொல்வதும் செல்லாது. எஞ்சியிருப்பவர்கள், அந்தக் காலையில் நகரத் துறையில் நின்றுகொண்டிருந்தவர்கள் மட்டுமே. இதைப் படிக்கும் நீங்கள் அவர்களுள் ஒருவராக இருந்தால், நீங்கள் ஊதுகுழலைக் கேட்டீர்கள். வீசிய துண்டைப் பார்த்தீர்கள். வீட்டை நோக்கித் திரும்பிய படகு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தீர்கள். அது அலட்சியமா என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாருங்கள். மன்றத்தில் எழுந்து நின்று, கண்டதைக் கண்டபடி, உரத்த குரலில் சொல்லுங்கள்.